இரைச்சல் சுருங்கியது!

போன் அடித்தது.

அவள் எடுக்கவில்லை. திரையில் ஒரு வரி அவளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது.

மறுபடி அடித்தது.

மறுபடி...

"எடுத்துத் தொலையேன் பட்டாசு! என் காது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் அடுத்த மேஜைக்காரி.

பட்டாசு... அந்தக் கம்பெனியில் அவளுக்கு அதுதான் பெயர். சிக்னல் என்ஜினீயர் என்பதெல்லாம் சம்பளச் சீட்டில் மட்டும்.

எடுத்தாள்.

"அக்கா..."

தங்கையின் குரல். அதில் அழுகை இல்லை. அழுகைக்கு முந்தைய வெறுமை இருந்தது.

"என்னடி? வேலையா இருக்கேன்."

"அவரு விழுந்து கிடக்குறாருக்கா... தலைக்கு அடியில ரத்தம்... கூப்பிட்டா பதில் இல்ல. கண்ணு மட்டும் திறந்திருக்கு..."

"எங்கடி?!"

"உங்க ஆபீஸ்லதான். பின்பக்க மாடிப்படி..."

நாற்காலி தடாலென்று பின்னால் சாய்ந்தது. அவள் ஓடினாள்.

படிக்கட்டின் அடியில் அவன் கிடந்தான். கழுத்து, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது!

தங்கையின் கணவன். இதே கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் கட்டியதை நோண்டி நோண்டி உடைத்துக் காட்டுவது அவன் உத்தியோகம். எல்லோருக்கும் அவன் 'நோண்டி'. அவளுக்கு மட்டும் மாப்பிள்ளை.

தங்கை கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். அவனுடைய காலிலிருந்து கழன்ற ஒற்றை ஷூவை மடியில் வைத்து, அதன் கயிற்றை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"மாப்பிள்ளை... மாப்பிள்ளை!"

பதில் வராது என்று தெரிந்தே கூப்பிட்டாள்.

சுவரின் மூலையிலிருந்து கேமரா ஒன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

*

"பார்க்கறீங்களா?"

இன்ஸ்பெக்டர் ஒடிசலான பெண். தொண்டை கட்டியிருந்தது. வாயில் ஒரு மாத்திரையை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டிக்கொண்டே பேசினாள்.

வீடியோ ஓடியது.

மாடிப்படியின் உச்சி. தங்கை. அவன். வாய்கள் அசைகின்றன. கைகள் ஆடுகின்றன. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கத் தொடங்குகிறான். தங்கையின் இரண்டு கைகளும் அவன் முதுகை நோக்கி நீள்கின்றன...

"போதும்! நிறுத்துங்க!"

இன்ஸ்பெக்டர் நிறுத்தினாள்.

"எனக்கும் பார்க்கப் பிடிக்கலம்மா. ஆனா வீடியோ நிஜமான்னு செக்கர்ல போட்டுப் பார்த்தேன். பச்சை விளக்கு! உங்க கம்பெனி முத்திரையேதான். 'இதை ஆண்டவனாலயும் உடைக்க முடியாது'ன்னு உங்க டைரக்டர் பேட்டி பேட்டியா குடுத்திருக்காரு."

"அவரு குடுப்பாரு."

"ஏன்... உடைக்க முடியுமா?"

பட்டாசு திரையிலிருந்து பார்வையை விலக்கினாள்.

அந்த முத்திரை அவளுடையது. அவள் மூளையில் கருவாகி, அவள் விரலில் பிறந்து, வேறு ஒருவரின் பெயரில் வளர்ந்த பிள்ளை.

கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்தின் மீதும் அது மெல்லிய இரைச்சல் ஒன்றைத் தூவும். கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள், தரையில் இறைத்த மணல் மாதிரி. எந்தப் புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதை ஒரு தொடக்க எண் முடிவு செய்யும். அந்த எண்ணைக் கேமராவின் சிப், தன் உள்சூட்டின் நடுக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். பகடை உருட்டுகிற மாதிரி! ஒருமுறை விழுந்தது மறுமுறை விழாது. எண்ணைப் பூட்டி, படத்துக்குள்ளேயே ஒளித்து வைத்துவிடும்.

யாராவது படத்தில் கைவைத்தால் மணல் கலையும். செக்கர் சிவப்பு விளக்கைக் காட்டும்.

இந்த வீடியோவுக்குக் காட்டியது பச்சை.

"புருஷனைப் பார்க்க ஆபீஸுக்கு வந்த இடத்துல சண்டை போட்டது உண்மையாம். உங்க தங்கச்சியே ஒத்துக்கிட்டாங்க. 'எங்கேயாவது போய்த் தொலைங்க'ன்னு கத்தினது வாட்ச்மேன் காது வரைக்கும் போயிருக்கு. அப்புறம் கோவிச்சுக்கிட்டு வெளியில போய் பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தாங்களாம். மனசு கேக்காம திரும்பி வந்தா பிணமாம். பஸ் ஸ்டாப்புல பார்த்த ஆளு யாரும் இல்ல."

மாத்திரை கன்னம் மாறியது.

"கணக்கு சுலபம்மா. முத்திரை சொல்றது நிஜம்னா உங்க தங்கச்சி கொலைகாரி. தங்கச்சி சொல்றது நிஜம்னா முத்திரை பொய்! ரெண்டுல ஒண்ணுதான். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க. என் தொண்டைக்காவது ஓய்வு கிடைக்கும்."

*

லாக்கப் கம்பிக்குப் பின்னால் தங்கை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்கா கம்பியைப் பிடித்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்த கேள்வி, வாய்க்கு முன்னால் ஓடிவந்து நின்றது.

"தள்ளினியாடி?"

தங்கை நிமிர்ந்தாள்.

"நீ கூடவாக்கா?"

"என் முத்திரை பொய் சொல்லாதுடி!"

"அப்ப நான் சொல்லுவேனா?"

சுருக்கென்றது. ஒரு நொடி... ஒரே ஒரு நொடி... கூடப் பிறந்தவளைவிடத் தான் எழுதிய ப்ரோகிராமை அவள் அதிகமாக நம்பியிருந்தாள். அதற்கு ஒரு சிவப்பு விளக்கு இருந்திருந்தால் அவள் நெஞ்சில் எரிந்திருக்கும்.

"மன்னிச்சுக்கோ," என்றாள்.

"பட்டாசு மன்னிப்பெல்லாம் கேக்குமா?" தங்கை சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. உதடு கோணி, அழுகையாக உடைந்தது.

"எதுக்குடி சண்டை?"

"வேலைய விடப்போறேன்னாரு. திடீர்னு! ஏன்னு கேட்டா, 'முத்திரைல பெரிய ஓட்டை இருக்கு, கண்டுபிடிச்சுட்டேன், நேத்தே டைரக்டர்கிட்ட சொன்னேன், அந்த ஆளு வாய மூடிட்டு இருங்கறாரு'ன்னாரு. எனக்கு என்ன புரிஞ்சுது! ஊர்ப்பட்ட ஓட்டையெல்லாம் நீங்கதான் அடைக்கணுமா, வீட்டு வாடகைய யாரு அடைப்பான்னு கத்திட்டேன். அதான்க்கா நான் அவருகிட்ட கடைசியா..."

"என்ன ஓட்டைன்னு சொன்னாரா? நல்லா யோசி!"

"கையால போட்ட எண்ணையும் செக்கர் ஏத்துக்குதாம். பகடைல வந்ததா, கையால வந்ததான்னு அது கேக்கவே மாட்டேங்குதாம். அப்படின்னா என்னக்கா?"

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது.

அது ஓட்டை அல்ல. கதவு! சோதனைச் சாலைக்காக அவளே வைத்த கதவு.

சோதனையின்போது பகடை உருட்டினால் வேலை நடக்காது. இன்று வந்த தப்பு நாளைக்கு வராது, பிடிக்கவும் முடியாது. அதனால் அங்கே எல்லோரும் தொடக்க எண்ணைக் கையாலேயே கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு ராசி எண். ஒருவனுக்குப் பைக் நம்பர். இன்னொருத்திக்குப் பழைய காதலனின் பிறந்த தேதி. எண்ணைக் கொடுத்தால் அதே இரைச்சல், அதே புள்ளிகள், எத்தனை முறை ஓட்டினாலும் மாறாமல் வரும்.

வெளியே விற்கும் முன் அந்தக் கதவை அடைத்துவிட வேண்டும் என்று இருந்தாள். அதற்குள் டைரக்டர் ப்ரோகிராமை மொத்தமாக வாங்கிக்கொண்டு, அவளை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்.

*

"உக்காரும்மா. தண்ணி குடி."

டைரக்டரின் அறையில் தரைவிரிப்பு கணுக்கால் வரைக்கும் புதைந்தது. சுவரில் சட்டம் போட்ட பத்திரிகைப் பக்கம். 'முத்திரையின் தந்தை!' தலைப்புக்குக் கீழே அவர் பல்வரிசை.

"நோண்டி நல்ல பையன். என்னால தாங்கவே முடியல. நீ எவ்ளோ உடைஞ்சு போயிருப்பேன்னு..."

"நான் உடையல சார். கொதிச்சுட்டு இருக்கேன்."

"அதான் உன் பிரச்சினையே! கோபம்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நாளைக்குக் கோர்ட்டுகளுக்குச் சாமான் வாங்கற குழு வருது. நாடு பூரா எல்லாக் கோர்ட்டுலயும் நம்ம முத்திரை! இந்த நேரத்துல தங்கச்சி பாசத்துல ஏதாவது உளறி வெச்சா..."

"உளறல் என்ன சார்? மாப்பிள்ளை உங்ககிட்ட ஓட்டைய பத்திச் சொன்னாரா இல்லையா?"

பல்வரிசை ஒரு கணம் மறைந்து, மறுபடி வந்தது.

"சொன்னான். தப்பாப் புரிஞ்சுக்கிட்டான். நான் திருத்தினேன்."

திருத்தினாராம்! அவள் மீட்டிங்கில் 'காலை வணக்கம்' சொன்னால்கூட அதில் ஒரு திருத்தம் வைத்திருப்பார் அந்த மனிதர்.

"இத்தனை வருஷ உழைப்பும்மா. ஒரே வார்த்தைல கெடுத்துடாதே."

"யாரோட உழைப்பு?"

"என்ன கேட்டே?"

"யாரோட உழைப்புன்னு கேட்டேன் சார்."

அவர் சிரித்தார். பெரிய மனதோடு சிரிப்பதாக அவருக்கு நினைப்பு.

"நம்ம எல்லாரோடதும்தான். நான் சிந்திச்சேன்... நீ டைப் அடிச்சே."

அவள் எழுந்தாள். கதவை அறைந்து சாத்தினாள். சட்டம் போட்ட தந்தை சுவரில் ஆடினார்.

குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் அவள் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்த காட்சி ஒன்று உண்டு. அவர் எல்லோர் முன்பும் எழுந்து, 'இதை எழுதியது இவள்' என்பார். அவள் தலையை மட்டும் அசைப்பாள். அவ்வளவுதான். அந்த ஒற்றை வாக்கியத்துக்காக அவள் வாழ்க்கையின் ஒரு பகுதி, பஸ் வராத ஸ்டாப்பில் நின்றுகொண்டே இருந்தது.

*

முத்திரையைச் சரிபார்ப்பதற்காக இன்ஸ்பெக்டர் கம்பெனிக்குக் கொடுத்த வீடியோ சர்வரில் இருந்தது.

அதை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். இடம் போதவில்லை. எரிச்சலில், பழக்க தோஷத்தில், சுருக்கும் பொத்தானை அழுத்தினாள்.

அழுத்திய பிறகுதான் தன் முட்டாள்தனம் உறைத்தது.

முத்திரை போட்ட வீடியோ சுருங்கவே சுருங்காது! ஒரு பாட்டைச் சுருக்கலாம். பல்லவி திரும்பத் திரும்ப வருமே... ஒருமுறை எழுதிவிட்டு 'மறுபடி அதே' என்று குறித்தால் போதும். இரைச்சலில் ஏது பல்லவி? ஒரு புள்ளி போல் இன்னொன்று இல்லை. 'மறுபடி அதே' என்று எழுத அங்கே ஒன்றுமே கிடையாது.

திரையைப் பார்த்தாள்.

வீடியோ சுருங்கியிருந்தது.

பாதிக்கும் கீழே!

"அடப்பாவி..."

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

இந்த இரைச்சலுக்குப் பல்லவி இருக்கிறது!

விரல்கள் பறந்தன. வீடியோவின் தொடக்கத்திலிருந்து ஆளில்லாத வெறும் சுவர் தெரியும் படம் ஒன்று. கடைசிப் பகுதியிலிருந்து அதே வெறும் சுவர் இன்னொன்று. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாள். நிஜமான பதிவாக இருந்தால் சுவர் போய்விடும், இரண்டு வேறு வேறு இரைச்சலும் பொரிபொரியாக மிஞ்சும்.

மிஞ்சவில்லை.

கன்னங்கரேல் என்று கறுப்பு. ஒரு புள்ளிகூட இல்லை!

அதே சுவர்... அதே இரைச்சல்... அச்சு அசலாக.

யாரோ நிஜப் பதிவை எடுத்து, தள்ளியவனை அழித்து, சண்டைக் காட்சியிலிருந்த தங்கையின் உருவத்தை அங்கே ஒட்டியிருக்கிறான். பிறகு துண்டு துண்டாக இரைச்சலைத் தூவியிருக்கிறான். ஒவ்வொரு துண்டும் ஒரே எண்ணிலிருந்து தொடங்கியிருக்கிறது. ஒட்டு எங்கெங்கே என்று தேடினாள். மொத்தம் மூன்று துண்டுகள்.

பகடை ஒரே மாதிரி மூன்று முறை விழுந்திருக்கிறது. விழவில்லை... வைத்திருக்கிறார்கள்!

"என்ன எண்ணுடா போட்டே? காட்டு!"

பூட்டு அவள் செய்தது. திறக்க அவளுக்கா தெரியாது?

எண் திரையில் வந்தது.

2140.

அவள் கை வாய்க்குப் போனது.

தங்கை பிறந்தபோது அவளுடைய எடை அது. கிராமில். குழந்தை தேறாது என்று டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கியிருந்தாள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே குதிகாலில் நின்று, தொட்டிலில் ஒட்டியிருந்த சீட்டின் அந்த நாலு இலக்கத்தை ஒரு சிறுமி திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிறுமி வளர்ந்து என்ஜினீயர் ஆனாள். ப்ரோகிராம் எழுதினாள். எண் எதையும் கொடுக்காமல் ஓட்டினால் தானாகவே 2140 விழட்டும் என்று ஒரு வரி வைத்தாள்.

அவளுடைய ராசி எண்!

அவளுக்குப் புரிந்துவிட்டது. இது டைரக்டர் வேலை. அந்த மனிதருக்கு ப்ரோகிராமை ஓட்டத் தெரியும். எழுதத் தெரியாது. எண் கொடுக்காவிட்டால் தானாக ஒன்று விழும் என்பதும், அதைத் துண்டுக்குத் துண்டு மாற்ற வேண்டும் என்பதும் தெரியாது. திருடிய வீட்டில் விளக்கு எங்கே என்று தெரியாமல் இருட்டிலேயே நடமாடியிருக்கிறார்!

ஆத்திரத்தில் மேஜையை ஓங்கி அறைந்தாள். பெற்ற பெண்ணைப் போல நான் வளர்த்தவளை... அவள் எடையைக் கொண்டே...

சட்டென்று இன்னொரு எண்ணம் வந்து அந்த ஆத்திரத்தின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டியது.

அந்த எண் கைகாட்டுவது யாரை?

அவளை!

*

"ஆக வீடியோ போலி," என்றாள் இன்ஸ்பெக்டர், கறுப்புத் திரையைப் பார்த்தபடி. "எனக்கே புரியுது. அப்ப கோர்ட்டுக்கும் புரியும்."

"தங்கச்சிய விட்டுடுங்க மேடம்."

"அவசரப்படாதீங்க. இதைச் செய்ய யாரால முடியும்?"

"அந்த ப்ரோகிராம் கையில இருக்கறவங்களால."

"யாரு கையில இருக்கு? யாரு எழுதினது?"

ஒரு மின்விசிறி அவர்கள் தலைக்கு மேலே முனகிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால்... 'எழுதினவளும் இவ, எண்ணும் இவளோடது, இப்ப ஓட்டை கண்டுபிடிச்சதும் இவ. தங்கச்சிய காப்பாத்த இவளே வீடியோவ மாத்தி வெச்சிருப்பா' என்று எந்தக் கத்துக்குட்டி வக்கீலும் சொல்லுவான். சாட்சியும் போகும். தங்கையும் உள்ளேயே கிடப்பாள்.

"அதை டைரக்டர் சாரைக் கேளுங்க மேடம். நாளைக்கு அந்தக் குழு வரும்போது, எல்லார் முன்னாடியும் கேளுங்க. நல்லா விவரமா சொல்லுவாரு."

இன்ஸ்பெக்டரின் கன்னத்தில் மாத்திரை அசையாமல் நின்றது.

"உங்களைப் பட்டாசுன்னு சொன்னாங்க. இவ்ளோ அமைதியா இருக்கீங்க?"

"திரி எரிஞ்சிட்டிருக்கும்போது சத்தம் வராது மேடம்."

"சரி. நானும் வந்து ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். எனக்கும் வேடிக்கை பார்க்கப் பிடிக்கும்."

*

கூட்ட அறை. நீள மேஜை. சாமான் வாங்கும் குழுவினர் ஒரு பக்கமாக அமர்ந்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகவே உலகத்தைப் பார்க்கும் பெரியவர் ஒருவர் அவர்களுக்குத் தலைவர். கடைசி நாற்காலியில் இன்ஸ்பெக்டர், சீருடை இல்லாமல்.

டைரக்டர் நின்றுகொண்டிருந்தார். புது கோட். பழைய பல்வரிசை.

"எல்லாம் சரி சார்," என்றார் பெரியவர். "உங்க ஆளுங்களே யாராவது திருட்டுத்தனமா முத்திரை குத்திட்டா?"

"வாய்ப்பே இல்ல! ப்ரோகிராம் முழுக்க நான் எழுதினது. முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும். ஒரே ஒரு காப்பிதான். என் கம்ப்யூட்டர்ல இருக்கு. என் விரலை வெச்சாத்தான் திறக்கும்."

"வேற யாருக்கும் தெரியாதா?"

"ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது!"

பெரியவரின் பார்வை அவள் பக்கம் வந்தது. "இந்த அம்மா?"

"அவங்களா? டைப்பிங்ல கொஞ்சம் ஒத்தாசை."

பழைய நெருப்பு குப்பென்று ஏறியது. விழுங்கினாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக விழுங்கினாள். இனித்தது!

"சார்... ஒரு சின்ன சந்தேகம்." எழுந்தாள். திரையை இயக்கினாள். "இது நம்ம மாடிப்படி வீடியோ. கொலைக்குச் சாட்சியா போலீஸ் வெச்சிருக்கறது. முதல் பகுதில ஒரு படம். கடைசில ஒரு படம். கழிக்கிறேன்... பாருங்க."

திரை கறுத்தது.

"இதுல என்ன?" என்றார் பெரியவர்.

"ரெண்டு தடவை மணலை அள்ளி வீசினா ரெண்டு தடவையும் ஒவ்வொரு மணலும் அதே இடத்துல விழுமா சார்? இதுல விழுந்திருக்கு. வீடியோ போலி. தூவினது கேமரா இல்ல, இந்த ஆபீஸ் ப்ரோகிராம்!"

மேஜையைச் சுற்றி நாற்காலிகள் கிரீச்சிட்டன.

"உளறாதே!" டைரக்டரின் நெற்றியில் நரம்பு புடைத்தது. "ஐயா, இவ அந்தக் கொலைகாரியோட அக்கா! தங்கச்சிக்காக எதையாவது..."

"தங்கச்சிக்காக இல்ல சார். எனக்கு இதைப் பண்ணினவன்மேலதான் கோபம். எவனோ ஒரு அரைகுறை! வேலை தெரிஞ்சவனா இருந்தா இப்படிப் பண்ணுவானா? பூரா வீடியோவையும் ஒரே ஓட்டா ஓட்டத் துப்பில்லாம, அதை நாலு துண்டா வெட்டி..."

"மூணு!" என்றார் டைரக்டர்.



அவர் வாய் திறந்தபடியே இருந்தது. சொன்ன வார்த்தையைக் காற்றிலிருந்து பிடித்து மறுபடி உள்ளே போட்டுக்கொள்ளப் பார்க்கிற மாதிரி.

கடைசி நாற்காலி நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் மெதுவாக எழுந்து வந்தாள்.

"மூணா சார்?"

"நீங்க... நீங்க யாரு?"

"தொண்டை கட்டின போலீஸ். மூணு துண்டுன்னு எப்படித் தெரியும்?"

"அது... திரைல தெரியுதே..."

"திரைல ஒண்ணுமே இல்ல சார். வெறும் கறுப்பு. அந்த அம்மா ரெண்டு படம்தான் காட்டினாங்க. துண்டு எத்தனைன்னு காட்டவே இல்லையே!"

"ஊகம்! ஒரு... அனுபவத்துல வர்ற..."

"நோண்டி உங்ககிட்ட ஓட்டைய பத்திச் சொன்னாரு. சொன்ன மறுநாள் செத்தாரு. ஓட்டை வெளியில தெரிஞ்சா இந்த வியாபாரம் போயிடும். இந்த வீடியோவை மாத்தணும்னா ப்ரோகிராம் வேணும். அது உலகத்துலயே ஒரே ஒரு கம்ப்யூட்டர்லதான் இருக்கு, ஒரே ஒரு விரலுக்குத்தான் திறக்கும். நான் சொல்லல... இப்பதான் நீங்களே இத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க! அந்த விரலைக் கொஞ்சம் நீட்டறீங்களா?"

விலங்கு பளபளத்தது.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதினவரே திருடன்னா முத்திரையை வாங்கி நாங்க என்ன பண்றது?" என்று எழுந்துகொண்டார்.

அதுதான் டைரக்டரை உடைத்தது. விலங்கு அல்ல.

"நான் எழுதல!"

அறையே திரும்பியது.

"நான் எழுதல! எனக்கு அதுல ஒரு வரிகூட எழுதத் தெரியாது! பூராவும் அவதான்!" அவர் விரல் அவளை நோக்கி நீண்டது. "முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் அவ எழுதினது! யோசனை அவளோடது... கணக்கு அவளோடது... எல்லாமே அவளோட மூளை! நான் பேரை மட்டும்தான் போட்டுக்கிட்டேன்! அவளையே கேளுங்க! கேளுங்க மேடம்!"

அவள் அசையவில்லை.

வந்துவிட்டது.

குளியலறைக் கண்ணாடி முன்னால் அவள் இத்தனை வருடங்களாகக் காத்திருந்த அந்த வாக்கியம். ஒத்திகையில் இருந்ததைவிட அழகாக, ஒரு சொல் குறையாமல், கேட்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் கேட்க! தலையை மட்டும் அசைத்தால் போதும். பிள்ளை தாயிடம் வந்து சேர்ந்துவிடும்.

அசைத்தால்... இன்ஸ்பெக்டரின் பார்வை இந்தப் பக்கம் திரும்பும். நாளை ஒரு வக்கீல் எழுந்து நிற்பான். கம்பிக்குப் பின்னால் ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருப்பாள்.

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெல்லக் கழன்று விழுந்தது. வலித்தது. பிறகு வலிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மாத்திரையைக் கடித்து நொறுக்கினாள்.

"சொல்லுங்கம்மா. நீங்கதான் எழுதினீங்களா?"

பட்டாசு, அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாகத் தன் டைரக்டரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

"அவரை நம்பாதீங்க மேடம்! சார் எப்பவுமே இப்படித்தான்... ரொம்பத் தன்னடக்கம்!"